பொய் கேட்கும் செவி: சிலப்பதிகாரத்தை முன்வைத்து

கதையில் வரும் மாந்தர் ஏன் பொய் சொல்கிறார்கள் என்னும் வினாவுக்கு, அச்சம், ஆசை, நாணம், பழிவாங்கும் எண்ணம், பிறரைக் காக்கும் அன்பு என்று பொய் சொல்பவரின் உள்ளத்திலிருந்து காரணங்களை எடுத்துக்காட்டி விடையளிப்பதே திறனாய்வில் பெருவழக்காக இருந்துவருகிறது. அக்காரணங்களில் பிழையில்லை, ஆயினும், அவற்றைக் கொண்டு ஒரு மாந்தரின் இயல்பை விளக்க முடிகிறதே தவிர, அவர் சொன்ன பொய்யிலிருந்து நாடகம் எவ்வாறு பிறக்கிறது என்பதை விளக்க முடிவதில்லை. அச்சத்தால் சொல்லப்பட்ட பொய்கள் கதைகளில் மலிந்து கிடக்க, அவற்றுள் மிகச் சிலவே படிப்பவரின் நெஞ்சைப் பற்றிக்கொள்கின்றன. இவ்வேறுபாட்டுக்கான காரணத்தைப் பொய் சொல்பவரிடம் தேடாமல், அதைக் கேட்பவரிடம் தேடவேண்டும் என்பதும், கேட்பவரின் நிலையே பொய்யின் எடையைத் தீர்மானிக்கிறது என்பதைத் தமிழில் மிக நுட்பமாகக் காட்டிய நூல் சிலப்பதிகாரம் என்பதும் இவ்வுரையின் கருத்து.

பொய் என்னும் சொல் இங்கு ஆளப்படும் பொருளை முதலில் வரையறுத்துக்கொள்ளுதல் நலம். புலவன் கதை புனைவது பொய்யாகாது. புனைவு என்று அறிந்தே கேட்பவர் அதில் ஈடுபடுவதால் அங்கே ஏமாற்றப்படுபவர் எவரும் இல்லை. ஒரு கதைமாந்தர், உண்மையன்று என்று தாம் அறிந்த ஒன்றை, மற்றொரு மாந்தர் உண்மையென நம்பவேண்டும் என்னும் நோக்கத்துடன் சொல்லாலோ செயலாலோ முகக்குறிப்பாலோ வெளிப்படுத்துவதே இங்குப் பொய் எனப்படுகிறது. இவ்வரையறையின்படி பொய்க்கு இருவர் போதும்; கதையிலோ, படிப்பவர் என்னும் மூன்றாமவர் ஒருவரும் உடனிருக்கிறார். கதைக்குள் நிற்பவர் அறியாத ஒன்றைப் படிப்பவர் முன்கூட்டியே அறிந்திருப்பதால், ஒரே சொல் இருவர் செவியிலும் வெவ்வேறு பொருளில் ஒலிப்பதைத் திறனாய்வாளர் நாடக முரண் என்பர். பொய் அம்முரணை உண்டாக்கும் மிக எளிய கருவியாக இருப்பதனால்தான், மொழியும் காலமும் எதுவாயினும் கதைசொல்லிகள் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றனர்.

தமிழ் அகப்பாடல் மரபு பொய்க்குத் தாராளமாக இடங்கொடுத்த மரபாகும். களவுக் காலத்தில் தலைவியும் தோழியும் செவிலியிடமும் நற்றாயிடமும் மறைத்தே வாழ்கின்றனர். மறைத்த காதலை உரிய வேளையில் வீட்டாருக்குத் தெரிவிப்பதை அறத்தொடு நிற்றல் என்று பெயரிட்ட தொல்காப்பியம், அதற்கு ஏழு வழிகளைக் கூறும்போது, நடந்ததை உள்ளபடியே சொல்லிவிடுவதை அவற்றுள் ஒன்றாக மட்டுமே, அதுவும் கடைசியாகவே வைத்திருக்கிறது. அறம் என்னும் பெயரைத் தாங்கிய ஒரு செயலுக்குள் இத்தனை சுற்றுவழிகள் இருப்பது, வாய்மைக்குத் தனி அதிகாரம் வகுத்த திருக்குறளில் பழகியவர்க்குச் சற்றே வியப்பளிக்கலாம். குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யையும் வாய்மையின் இடத்தில் வைக்கலாம் என்று அதே அதிகாரம் இசைவு தருவதை நினைவுகூர்ந்தால் அவ்வியப்பு குறையும்.

கபிலர் பாடிய கலித்தொகையின் 51ஆம் பாடல் இம்மரபின் பொய்க்குத் தலைசிறந்த சான்று. சிறுவயதில் தன் மணல்வீட்டைக் காலால் சிதைத்தும் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியும் தொல்லை தந்தவன், வளர்ந்தபின் ஒருநாள் வீட்டு வாசலில் வந்து தண்ணீர் கேட்கிறான். தாயின் சொற்படி நீர் கொண்டுசென்ற தலைவியின் கையைப் பற்றிவிடுகிறான். அவள் திடுக்கிட்டு அலற, தாய் ஓடிவருகிறாள். அந்நொடியில் தலைவி, தண்ணீர் குடிக்கையில் இவனுக்கு விக்கல் எடுத்தது என்று சொல்லிவிடுகிறாள். தாய் அதை நம்பி அவன் முதுகைத் தடவிக்கொடுக்க, அவன் கடைக்கண்ணால் இவளைப் பார்த்துச் சிரிக்கிறான். இப்பொய் தாயை நோக்கிச் சொல்லப்பட்டாலும் அதன் உண்மையான கேட்போன் தலைவனே ஆவான். அதுவரை அவளுடைய மனம் அவனுக்குத் தெரியாது. அவளுக்கே தெரிந்திருந்ததா என்பதும் ஐயத்துக்குரியது. அலறலுக்கும் பொய்க்கும் இடைப்பட்ட இமைப்பொழுதில் அவள் தன் விருப்பத்தை முடிவுசெய்கிறாள். அம்முடிவைத் தாய்க்கு மறைத்த அதே வாக்கியம் அவனுக்கு அதை அறிவித்தும்விடுகிறது. ஒரு சொல்லை இரண்டு செவிகளில் போட்டு இரண்டு பொருள் எடுக்கும் இவ்வித்தை பின்வந்த தமிழ் நாடகத்துக்கெல்லாம் அரிச்சுவடி எனலாம்.

சிலப்பதிகாரத்துக்கு வருவோமாயின், 1892இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்து வெளியிட்ட காலந்தொட்டு, அந்நூல் பெரும்பாலும் அதன் பதிகம் கூறும் மூன்று உண்மைகளைக் கொண்டே விளக்கப்பட்டு வருகிறது. அரசியலில் தவறியவர்க்கு அறமே எமனாகும், பத்தினியை உயர்ந்தோர் போற்றுவர், ஊழ்வினை தேடிவந்து பயனை ஊட்டும் என்பன அவை. இம்மூன்றனுள் ஊழுக்கு முதலிடம் கொடுத்துப் படிப்பவர்க்குக் கதையில் வரும் பொய்களெல்லாம் ஊழின் கையிலுள்ள கருவிகளாக மட்டுமே தோன்றும். புலவரும் முதன்மையான இடங்களில் ஊழின் பெயரைச் சொல்லத் தவறவில்லை. எனினும், ஒவ்வொரு பொய்யும் சொல்லப்படும் இடத்தில், அதைக் கேட்பவர் அந்த வேளையில் என்ன மனநிலையில் இருந்தார் என்பதைப் புலவர் அக்கறையோடு குறித்துச் செல்கிறார். ஊழ் ஒன்றே போதுமென அவர் கருதியிருந்தால் இந்த அக்கறைக்குத் தேவையே இருந்திராது.

முதற்பெரும் பொய் கானல்வரியில் யாழிசையோடு வருகிறது. இந்திர விழா முடிந்து புகாரின் கடற்கரையில் அமர்ந்திருக்கும்போது, ஆடல்மகள் மாதவி யாழைச் சுருதி கூட்டித் தன் காதலன் கோவலன் கையில் கொடுக்க, அவன் காவிரியையும் நெய்தல் நிலத்துப் பெண்ணையும் பாடுகிறான். அப்பாடல்களில் வேறொருத்தியின் நினைவு இருப்பதாக எண்ணிய மாதவி, மகிழ்ந்தவள் போன்று யாழை வாங்கி, தனக்கும் வேறோர் எண்ணம் இருப்பதைப்போல் ஊடலாகப் பாடுகிறாள். அவள் நடிக்கிறாள் என்பதைப் புலவர் படிப்பவர்க்கு ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறார். கோவலனுக்கு மட்டும் அது தெரியவில்லை. மாயமும் பொய்யும் கலந்து பாடினாள் என்று முடிவுகட்டி, உடன் அழைத்துச் செல்லாமலே எழுந்து போகிறான். இதில் வியக்கத்தக்க செய்தி என்னவெனில், மாதவி ஆடற்கலையில் தேர்ந்து அரசனிடம் தலைக்கோல் பட்டம் பெற்றவள் என்பதும், பாட்டில் வரும் தலைவி பாடுபவள் ஆகாள் என்பதும் கோவலனுக்கு நன்கு தெரிந்தவை. அவனே சற்றுமுன் அப்படித்தான் பாடினான். தான் பாடினால் கலை என்றும் அவள் பாடினால் வாக்குமூலம் என்றும் கொள்ளும் செவி அது. கணிகையின் வீட்டுக்கு வந்த ஆடவனின் நெஞ்சில் தொடக்கமுதலே உறங்கிக் கிடந்த ஐயத்தை அப்பாட்டு தட்டி எழுப்பியதே அல்லாமல் புதிதாக உண்டாக்கவில்லை.

அச்செவி அதன்பின் உண்மையையும் ஏற்க மறுக்கிறது. வேனிற்காதையில் மாதவி தாழம்பூ மடலில் செம்பஞ்சுக் குழம்பு தோய்த்து எழுதி வசந்தமாலை வழியாக அனுப்பிய மடலை அவன் வாங்காமல் திருப்பிவிடுகிறான்; அவள் தன்னோடு வாழ்ந்த காலத்து நெருக்கங்களையும் பிணக்குகளையும் எண்வகை வரிக்கூத்துகளின் பெயரால் ஒவ்வொன்றாக அடுக்கி, எல்லாம் ஆடல்மகளின் நடிப்பு என்று தள்ளுகிறான். வரி என்பது அவரவர் பிறந்த நிலத்துக்கும் செய்யும் தொழிலுக்கும் ஏற்ற கோலம் பூண்டு நடிக்கும் கூத்து. ஒரு பெண்ணோடு வாழ்ந்த வாழ்க்கை முழுவதையும் கலைநூற் பட்டியலாக மாற்றிவிடும் இக்கொடுமையை விடக் கூரிய கோபப்பேச்சு தமிழ்க் காப்பியங்களில் அரிது. பின்னர், மனைவி கண்ணகியோடு மதுரையை நெருங்கும் வழியில் கோசிகன் என்னும் அந்தணன் மாதவியின் இரண்டாம் மடலைக் கொண்டுவந்து தரும்போது, அதே கோவலன் படித்துப் பார்த்து, அவளிடம் குற்றமில்லை, தீங்கு தன்னுடையதே என்று உணர்ந்து தெளிகிறான். இடையில் மாதவி மாறவில்லை. செல்வம் இழந்து, மனைவியின் பாதம் கொப்பளிக்கக் காட்டு வழியில் நடந்து, பெற்றோரை நினைந்து வருந்திய ஒருவனின் செவியே மாறியிருக்கிறது.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியைக் கொலைக்களக் காதையில் கண்ணகியின் வாய்மொழியாகப் புலவர் வைத்திருக்கிறார். கணவன் பிரிந்திருந்த காலத்தில் மாமனும் மாமியும் தன்னைக் காணவந்தபோது, துயரத்தை மறைத்துப் பொய்யாகச் சிரித்ததாகவும், அச்சிரிப்பில் உண்மையில்லை என்பதைக் கண்டுகொண்ட அவர்கள் உள்ளம் நொந்ததாகவும் அவள் கோவலனிடம் கூறுகிறாள். அன்புடையார் முன் பொய் தோற்றுப்போகிறது. அவர்கள் கேட்பது சொல்லை மட்டுமன்று என்பதால். மதுரைக்கு உடன்வந்த கவுந்தியடிகள் வழியில் எதிர்ப்பட்ட பரத்தையிடமும் அவளுடைய துணைவனிடமும் கண்ணகியையும் கோவலனையும் தம் மக்கள் என்று சொல்லிவைக்க, ஒரு வயிற்றில் பிறந்தோர் கணவன் மனைவியாய் வாழ்வதுண்டோ என்று அவர்கள் எள்ளி நகையாடி, நரிகளாகும்படி சாபம் பெறும் நிகழ்ச்சியும் இங்கே குறிப்பிடத்தக்கது. பொய்யாமையை நோன்பாகக் கொண்ட சமணத் துறவியே ஒரு சொல்லைச் சற்றே வளைத்துச் சொல்லவேண்டி வருவதும், அதற்குக் கேட்டவர்கள் தண்டனை பெறுவதும் புலவரின் குறும்பா, அல்லது அன்பினால் மக்கள் என்றதைப் பொய்யென்று கொள்வதே பொருந்தாதா என்பது பற்றி இங்கே மேலும் ஆராய இடமில்லை.

அடைக்கலக் காதையில் மாடலன் என்னும் மறையவன் கோவலனின் பழைய அறச்செயல்களை எடுத்துரைக்கும்போது, புகார் நகரத்துச் சதுக்கப்பூதம் பற்றிய செய்தி வருகிறது. பொய்வேடம் பூண்ட துறவியரையும், பொய்ச்சான்று சொல்வோரையும், அரசனுடனிருந்தே கேடு சூழும் அமைச்சரையும் பிடித்துப் புடைத்து உண்பது அப்பூதத்தின் கடமை. ஒரு பத்தினிமேல் பொய்க்கரி கூறிய ஒருவனைப் பூதம் பிடித்துக்கொண்டபோது, அவனுடைய தாயின் துயரத்தைக் கண்டு பொறாத கோவலன், அவனுயிருக்கு ஈடாகத் தன்னுயிரைக் கொள்ளுமாறு பூதத்தை வேண்டுகிறான். இழிந்தோன் உயிருக்கு நல்லோன் உயிரை வாங்குவது முறையன்று எனப் பூதம் மறுத்துவிடுகிறது. கரி என்பது சான்று. பொய்ச்சான்று சொன்ன ஒருவனுக்காக உயிர்கொடுக்க முன்வந்தவன், அடுத்த காதையிலேயே ஒரு பொய்ச்சான்றால் உயிரிழக்கப் போகிறான் என்பதைக் கதையைப் பலமுறை கேட்டவர் மட்டுமே உணர்ந்து திடுக்கிடுவர். மேலும், பொய்யைத் தானே கண்டறியும் பூதம் ஒன்று புகாரில் உண்டு. மதுரையில் அவ்வேலை முழுவதும் அரசனுடைய செவியை நம்பியே இருக்கிறது.

அந்தச் செவி, குறித்த நாளில், வேறெங்கோ இருந்தது. அரசவையில் ஆடல்மகளிரின் கூத்திலும் பாட்டிலும் பாண்டியன் உள்ளம் ஈடுபட்டதைக் கண்டு ஊடல் கொண்ட கோப்பெருந்தேவி, அதை வெளிக்காட்டாமல் தலைநோவு என்று காரணம் சொல்லி அந்தப்புரத்துக்கு எழுந்து போய்விடுகிறாள். மனைவியின் நாகரிகத்தால் பிறந்த சிறுபொய் இது. அமைச்சரை விட்டு நீங்கி, அவளுடைய ஊடலைத் தணிக்கும் வேட்கையோடு அவளது கோயில் வாயிலை நெருங்கும் அரசனின் காலில்தான் பொற்கொல்லன் விழுகிறான். தேவியின் சிலம்பை முன்னமே தான் திருடி வைத்திருந்த அவன், கண்ணகியின் சிலம்பை விலைபேச வந்த அயலூரானாகிய கோவலன்மேல் அப்பழியைச் சுமத்திவிட்டால் தன் களவு வெளிப்படாது என்று எண்ணியதைப் புலவர் படிப்பவர்க்கு முன்பே அறிவித்திருக்கிறார். அவையில் அமைச்சரும் அறங்கூறுவோரும் சூழ இருந்த வேளையில் இதே பொய் சொல்லப்பட்டிருந்தால் ஒரு கேள்வியாவது பிறந்திருக்கும். அரசனோ தேவியை மகிழ்விக்க எதையேனும் தேடிக்கொண்டிருந்தவன். காணாமற்போன சிலம்பு கிடைத்துவிட்டது என்னும் செய்தி அவனுக்கு அந்த நொடியில் வரமாக வந்து சேர்கிறது. காவலரை அழைத்து, தேவியின் சிலம்பு அவன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவருமாறு ஆணையிடுகிறான்.

ஆணையிலுள்ள அந்த 'இருக்குமாயின்' ஒரு விசாரணையின் தோற்றத்தைத் தருகிறது. அத்தோற்றமே பொய்யின் வெற்றி. அரிஸ்டாட்டில் தம் கவிதையியல் நூலின் 24ஆம் இயலில், பொய்யைச் சரியாகச் சொல்லும் முறையை ஏனைய கவிஞர்களுக்குக் கற்பித்தவர் ஹோமரே என்று கூறி, அம்முறையின் உட்பொருளையும் விளக்குகிறார்: முதலாவது உண்மையானால் இரண்டாவதும் உண்மையாகும் என்னும் நிலையில், இரண்டாவது உண்மையாக இருப்பதைக் கண்ட மனம் முதலாவதும் உண்மையே என்று தவறாகத் துணிந்துவிடுகிறது. கள்வன் கையில் சிலம்பு இருக்கும். இவன் கையில் சிலம்பு இருக்கிறது. ஆகவே இவன் கள்வன். காரணம் போலத் தோன்றிக் காரணமாகாத இத்தகையவற்றை ஏதுப்போலி என்று மணிமேகலையின் அளவையியல் பகுதி பெயரிட்டு விரிவாக வகைப்படுத்துகிறது. சிலப்பதிகாரத்தின் இரட்டைக் காப்பியம் என்று போற்றப்படும் நூலில் அரசனின் பிழைக்குப் பொருந்தும் கலைச்சொல் கிடைப்பது தற்செயலாயினும் பொருத்தமானது.

அரசனை ஏமாற்றியதோடு பொற்கொல்லனின் வேலை முடிந்துவிடவில்லை. இப்பகுதியே காப்பியத்தின் நாடகத் திறனுக்கு உச்சம். காவலரோடு வந்த அவன், இவர்கள் அரசன் ஆணைப்படி சிலம்பைப் பார்க்க வந்தவர்கள் என்று கோவலனிடம் மற்றொரு பொய்யைச் சொல்கிறான். கோவலனின் தோற்றத்தைக் கண்ட காவலரோ, இவன் கொலைப்படத் தக்க கள்வன் அல்லன் என்று வாய்விட்டே சொல்லிவிடுகிறார்கள். அரசன் காணாத ஒன்றை அவர்கள் தம் கண்ணால் கண்டுவிட்டார்கள். பொய் அங்கே முறிந்து விழுந்திருக்கவேண்டும். பொற்கொல்லன் ஏளனமாகச் சிரித்து, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்னும் எட்டையும் துணையாகக் கொண்டு கள்வர் தொழில் செய்வர் என்று களவுநூல் விளக்கம் தருகிறான். பகலில் தூதன் வேடத்திலும் இரவில் பெண் வேடத்திலும் அரண்மனைக்குள் புகுந்து, உறங்கிக்கொண்டிருந்த இளவரசனின் மார்பிலிருந்து ஆரத்தைக் கவர்ந்து சென்ற ஒருவனின் கதையையும் சுவைபடச் சொல்கிறான். அதைக் கேட்ட இளங்காவலன் ஒருவன், மழைபெய்த நள்ளிரவில் நீல உடையணிந்து உளியுடன் வந்த கள்வன் தன் வாளையே பறித்துக்கொண்டு மறைந்த தன் அனுபவத்தை எடுத்துரைக்கிறான். ஒரு கதை மற்றொரு கதையை அழைக்க, எதிரே நிற்கும் மனிதன் மெல்ல மெல்லக் கண்ணிலிருந்து மறைந்து, கேட்ட கதைகளின் கள்வன் அவனிடத்தில் வந்து நிற்கிறான். எல்லாரும் பேசிக்கொண்டிருக்கையில், கல்வியறிவற்ற குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். ஒருவரும் கோவலனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பொய்யன் இங்கே கதைசொல்லியாகவே மாறிவிட்டான் என்பது கருதத்தக்கது. கண்ணால் கண்டதைக் கதையால் அழிக்கமுடியும் என்று ஒரு கதைநூலே ஒப்புக்கொள்ளும் இடம் இது. தன் கலையின் ஆபத்தை இத்தனை வெளிப்படையாகக் காட்டிய புலவர் வேறெவரும் தமிழில் உண்டா என்பது ஐயமே. ஏறத்தாழ 1603-04 காலத்தில் ஷேக்ஸ்பியர் எழுதிய ஒத்தெல்லோவில் இயாகோ செய்வதும் இதுவே. மனைவியின் ஒழுக்கத்தைப் பற்றிக் கண்ணால் காணும் சான்று வேண்டுமென்று ஒத்தெல்லோ கேட்க, இயாகோ கண்ணுக்கு ஒரு கைக்குட்டையையும் செவிக்கு ஒரு கதையையும் தருகிறான். கண் கைக்குட்டையைப் பார்க்கிறது, செவியே அதற்குப் பொருள் சொல்கிறது. அந்நாடகத்திலும் நல்லவளின் சிறுபொய் ஒன்று உண்டு: கைக்குட்டை எங்கே என்று கணவன் சினந்து கேட்கும்போது, டெஸ்டிமோனா அஞ்சி, அது தொலையவில்லை என்று சொல்லிவிடுகிறாள். பாண்டிமாதேவியின் தலைநோவுக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை மேலோட்டமானதன்று. தீயோன் சொல்லும் பெரும்பொய்க்கு வழிதிறந்து விடுவது பெரும்பாலும் நல்லோர் சொன்ன நாகரிகப் பொய்யே என்பதை இரு நாடகங்களும் தனித்தனியே கண்டறிந்திருக்கின்றன. வேறுபாடு ஒன்றுண்டு. கைக்குட்டைக்குள் உண்மை எதுவும் இல்லை, சிலம்புக்குள் இருந்தது.

அவலநாடகத்துக்கும் நகைச்சுவைக்கும் பொய்யைக் கையாள்வதில் உள்ள வேறுபாட்டையும் இங்கே சுட்டவேண்டும். கே. பாலசந்தர் 1981இல் இயக்கிய தில்லு முல்லு திரைப்படத்தில், வேலை பெறுவதற்காகச் சொல்லப்பட்ட ஒரு பொய்யைக் காப்பாற்ற மீசையில்லாத இரட்டைத் தம்பி ஒருவன் வேண்டியிருக்கிறான், பிறகு ஒரு பொய்த்தாயும் வேண்டியிருக்கிறாள். நகைச்சுவையில் பொய் நாள்தோறும் பராமரிக்கப்பட வேண்டியது. அப்பராமரிப்பின் அவதியே சிரிப்பு. அங்கும் கேட்பவரே அடிப்படை: மீசையை வைத்து மனிதனை மதிப்பிடும் முதலாளி ஒருவர் இல்லாவிட்டால் அந்தப் பொய்க்கே இடமில்லை. அவலநாடகத்துப் பொய்க்கு நீண்ட ஆயுள் தேவையில்லை. கேட்டவன் திரும்பப்பெற முடியாத ஒரு செயலைச் செய்து முடிக்கும்வரை அது தாங்கினால் போதும். பொற்கொல்லனின் பொய் சிலம்பை ஒருமுறை குலுக்கிப் பார்த்தால் தகர்ந்துவிடும் பொய். அவன் நம்பியது அதன் வலிமையை அன்று, அரசனின் அவசரத்தை.

தற்கால இலக்கியத்தில் இதே உண்மையை வேறொரு வகையில் சோதித்துப் பார்த்தவர் ஜெயகாந்தன். 1966இல் வெளியான அக்கினிப் பிரவேசம் சிறுகதையில், கார்க்காரன் ஒருவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்பிய மகள் நடந்ததைச் சொன்னதும், தாய் அவள் தலையில் நீரூற்றி, நீ தூய்மையானவள் என்று தேற்றி, ஒருவருக்கும் சொல்லாதே என்று அடக்கிவிடுகிறாள். கதை அங்கே முடிகிறது. 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசைப் பெற்ற சில நேரங்களில் சில மனிதர்கள் நாவலில், அதே செய்தியைக் கேட்ட தாய் அலறி ஊரறியச் செய்துவிட, மகள் வீட்டைவிட்டு வெளியேற்றப்படுகிறாள். ஒரு பெரிய நாவலே அதிலிருந்து விரிகிறது. இரண்டிலும் மகள் சொன்னது ஒரே உண்மை. கேட்ட தாய் வேறு. பொய்தான் நாடகத்தை உண்டாக்கும், உண்மை அதை முடித்துவைக்கும் என்னும் பொதுவிதி இங்கே தலைகீழாகிறது. மறைப்பு கதையை முடித்துவைக்க, உண்மை தொடங்கிவைக்கிறது. சொல் எப்படிப்பட்டது என்பதைக் காட்டிலும் அது விழும் செவி எப்படிப்பட்டது என்பதே கதையின் போக்கை முடிவுசெய்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

வழக்குரை காதையில் சிலப்பதிகாரம் இக்கருத்தை அதன் எல்லைக்கே கொண்டுசெல்கிறது. தன் காற்சிலம்பின் பரல் மாணிக்கம் என்று கண்ணகி கூற, தேவியின் சிலம்பிலுள்ள பரல் முத்து என்று அரசன் சொல்கிறான். அவன் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். தேவியின் சிலம்பிலும் மாணிக்கமே என்று சொல்லியிருந்தால், ஆதரவற்று நிற்கும் அயலூர்ப் பெண்ணின் சொல் அரசன் சொல்லுக்கு முன் எடுபட்டிருக்காது. காப்பியம் முழுவதிலும் பொய் சொல்ல மிகுந்த வசதியும் தேவையும் உடையவனாக இருந்தவன் அந்தக் கணத்துப் பாண்டியனே. அவன் உண்மையைச் சொல்கிறான். சிலம்பைக் கொண்டுவரச் செய்து அவள்முன் வைக்கிறான். அவள் உடைத்ததும் மாணிக்கப் பரல் தெறிக்க, பொற்கொல்லன் சொல் கேட்ட தானே கள்வன் என்று தனக்குத் தீர்ப்பளித்துக்கொண்டு உயிர்விடுகிறான். அவனுடைய குற்ற ஒப்புதலில் தான் சொன்ன சொல்லுக்கு இடமில்லை, கேட்ட சொல்லுக்கே இடமிருக்கிறது. பாண்டியன் பிழை கேட்டதில் நிகழ்ந்தது; அதற்கு அவன் செய்த ஈடும் கண்ணகி சொன்னதைக் கடைசிவரை கேட்டதில்தான் நிகழ்ந்தது. அந்தக் கேட்டல் தொடக்கத்திலேயே இருந்திருந்தால் காப்பியம் இல்லை.

பொய் சொன்னவனின் கதி என்ன என்று கேட்டால், நூல் தரும் விடை இவ்வுரையின் கருத்துக்கு வலுவூட்டுவதோடு சங்கடத்தையும் உண்டாக்குகிறது. பொற்கொல்லனுக்குக் காப்பியத்தில் பெயரே இல்லை. அவன் பிடிபட்டதாகவோ, குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவோ, தனியே தண்டிக்கப்பட்டதாகவோ ஒரு காட்சியும் இல்லை. பொய் கேட்டவனின் மரணத்தை ஒரு காதை முழுவதும் விரித்துக் காட்டிய புலவர், பொய் சொன்னவனை அதன்பின் திரும்பிப் பார்க்கவில்லை. உரைபெறு கட்டுரையும் நீர்ப்படைக் காதையும் மட்டும், கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் பத்தினிக்குப் பலியாகப் பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்றான் என்ற செய்தியைத் தருகின்றன; அதன்பின் மழை பெய்து நோயும் துன்பமும் நீங்கின என்று உரைபெறு கட்டுரை அச்செயலை ஏற்றுக்கொள்ளவும் செய்கிறது. விசாரிக்காமல் ஓர் அரசன் செய்த கொலைக்கு ஈடாக, அவனுக்குப் பின்வந்த அரசன் செய்த செயல் இது. அந்த ஆயிரவருள் எவரையேனும் விசாரித்ததாக நூலில் குறிப்பு இல்லை.